ஆறின செங்கல்

இல்ல வேய், அத எடுக்காதேயும். அந்தச் செங்கல்லு அடுப்புலயே கெடக்கட்டும். துணியச் சுத்தி எங்க கொண்டு போறீரு? காலுக்கா? ஆருக்க காலுக்கு? ஓ, வீட்டுக்காரிக்கா. நேத்து சாயங்காலம் காளை வண்டியில கொண்டுவந்து எறக்கினது உம்ம ஆளுதானா. பாத்தேன். வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலு. பெருவெரலு நீலம் பாஞ்சு கெடக்கு.

குளுந்து கெடக்குண்ணு சூடு வைக்கப் போறீரு. உம்மக் குத்தம் சொல்லல்ல. தொட்டா பச்சத் தண்ணி மாதி இருந்தா எவனுக்கும் கை தீயத் தேடித்தான் போவும். நம்ம அம்மை தள்ளமாரு காட்டித் தந்தது அதுதான. இடுப்புப் பிடிச்சா மணல் கிழி, முட்டு பிடிச்சா செங்கல்லு, பிள்ளை பெத்தவளுக்கு வேது வெந்நி. எல்லாம் கொள்ளாம். இந்த நோவுக்கு மட்டும் கொள்ளாது.

நான் ஆருண்ணு கேக்கீரா? கீழ பாரும். வேட்டிய இந்தப் பக்கம் மடிச்சுக் கெட்டியிருக்கது பவுசுக்கு இல்ல. எடது காலு முட்டுக்குக் கீழ கிடையாது. பேரு ராஜையன். இரணியலுக்குக் கெழக்க. இந்த ஆஸ்பத்திரிச் சாய்ப்புலதான், நோயாளிக்குக் கூட இருக்கவங்க கஞ்சி வைக்க இந்த அடுப்புலதான், எனக்க காலுக்கு உள்ள சூடும் காஞ்சுது. அதனால சொல்லுதேன். கம்பு வச்சு அந்தக் கல்ல வெளிய இழுத்துப் போடும். ஆறட்டும். ஆறினா அதுக்கு வேற வேலை உண்டு.

இரியும். அந்தப் பீடிய முடிச்சிட்டே இரியும், ஆனா பெண்டாட்டி கிட்டப் போயி ஊதாதேயும். பொகை இந்தக் காலுக்கு எமன். நான் சுருட்டு குடிச்சவன் வேய். பனை ஏறும்போது மடியில ஒண்ணு, எறங்கும்போது வாயில ஒண்ணு. விட்டாச்சு. விட்டும் காலு திரும்ப மொளைக்கல்ல.

குழித்துறையா நீரு? சந்தையில கருப்பட்டி யாவாரமா? அப்பிடிச் சொல்லும். நான் ஏறின பனைக்க கருப்பட்டி உம்ம கடையிலயும் வந்து கெடந்திருக்கும். இனிப்பு கொறவுண்ணு சண்டை போட்டது நீராத்தான் இருக்கும்.

காலு பாக்க வந்த வெள்ளக்கார மிசியம்மா காலையில சொன்னது வெளங்கல்லியா? அவிய பேசுத தமிழு கொஞ்சம் அவசரத் தமிழு. நான் சொல்லுதேன். நம்ம பேச்சிப்பாறையில தண்ணி தொறந்து விட்டாலும் கடைமடை வயலுக்கு வந்து சேரணும்லா. நடுவுல கால்வாயி தூந்து போனா, மேல வெள்ளம் நிண்ணாலும் கீழ வயலு வெடிச்சுத்தான் கெடக்கும். உம்ம வீட்டுக்காரிக்க காலுல ரெத்தம் அப்பிடித்தான் வருது. வயலு காஞ்சு கெடக்குண்ணு நீரு வரப்புல தீய வச்சா என்ன ஆவும்? அதுதான் இந்தச் செங்கல்லு. பொறவு ஒண்ணு. அவளுக்குச் சுடாது. சுடுதுண்ணு சொல்லத் தெரியாத காலு அது. அவ சிரிச்சிட்டுப் பேசிட்டு இருப்பா, அங்க தொலி வெந்திட்டு இருக்கும்.

அப்ப குளுரு எப்பிடி மாறும்ணு கேக்கீரு. கம்பிளி போத்தும். கம்பிளிக்க பாரமும் வெரலுல விழப்படாது, பெரம்ப வளைச்சு ஒரு கூடு மாதி வச்சு அதுக்க மேல போத்தணும். கூடு மிசியம்மா தருவாவ, கேட்டு வாங்கும். காலத் தூக்கித் தலவாணியில வச்சிருக்கீரே, அத மொதல்ல எடும். வீக்கம் உள்ள காலுக்கு அது செரி. இதுக்கு காலு தாழ்ந்து கெடக்கணும், தலைமாடு ஒசரணும். அப்பத்தான் தண்ணி கடைமடைக்கு எறங்கும். கட்டிலுக்கத் தலைமாட்டுக் காலு ரெண்டுக்கும் அடியில கல்லு வைப்பாவ. செங்கல்லுக்கு இந்த ஆஸ்பத்திரியில அந்த ஒரு வேலைதான்.

எனக்க ஆளு உள்ள அந்தக் கோடியில கெடக்கான். சன்னலுக்குப் பக்கத்துல, சொவரப் பாத்துக் கெடக்கான்லா, அவன்தான். வலது காலு. நடுவெரலுல ஒரு புண்ணு. நாளைக்கு டாக்டரு துரை வருவாரு. வந்து பாத்துத்தான் காலு நிக்குமா, வெட்டி முறிச்சு மாத்தணுமாண்ணு சொல்லுவாரு. புண்ணு கறுத்தா காலு போச்சு. கறுக்காம வச்சிருக்கது எனக்க வேலை. ராத்திரி பகலுண்ணு அந்தக் காலத்தான் பாத்துட்டு இருக்கேன். எனக்க பிள்ளைய இப்பிடிப் பாத்தது இல்ல.

என்னத்தச் செய்வேன்ணா, காலையில தண்ணி வைப்பேன். பச்சத் தண்ணியும் இல்ல, சூடும் இல்ல. கை தொட்டுப் பாக்கப்படாது, பனை ஏறின கை காச்சுப் போயிருக்கும், சூடு தெரியாது. முட்டங்கைய முக்கிப் பாக்கணும். கழுவித் தொடைச்சா தேய்க்கப்படாது, ஒத்தி எடுக்கணும். வெரலு இடுக்குல ஈரம் நிண்ணா அதுவே புண்ணாவும். காஞ்ச பொறவு இடுக்குல பஞ்சு. குதியில எண்ணெய், அதுவும் தடவினாப் போரும், அழுத்தித் திருமப்படாது. நகத்த நான் வெட்ட மாட்டேன், மிசியம்மாவ விளிப்பேன். பொறவு அவன உக்கார வச்சு காலத் தொங்கப் போட்டா வெரலு செவக்கும். செவக்குதாண்ணு பாப்பேன். தூக்கினா வெளுக்கும், சொணையில்லாத வெளுப்பு, சவத்துக்க காலு மாதி. திரும்பத் தொங்கப் போட்டா எவ்வளவு நேரம் கழிச்சுச் செவக்குதோ, அதுல இருக்கு காரியம். நேத்தைக்கு விட இண்ணைக்குச் சீக்கிரம் செவந்துது. மிசியம்மாவே சொன்னாவ.

இதெல்லாம் எங்க படிச்சேன்ணா? நானா? பள்ளிக்கூடத்து வாசலுல மழைக்கு ஒதுங்கினது உண்டு. இது எனக்கு நோவு வந்தப்ப, அப்ப இருந்த வயசான மிசியம்மா எனக்க தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தது. நான் கட்டிலுல கெடந்து கேட்டேன். அவன் கேட்டான், நானும் கேட்டேன். அவன் மறந்தான். நான் மறக்கல்ல.

தம்பிக்குப் பேரு யோவான். எனக்க நேர் எளையவன். அப்பன் செத்தப்ப அவனுக்கு மீசை மொளைக்கல்ல. பனை ஏற நான்தான் படிப்பிச்சேன். மொதல்ல ஏறுன அண்ணைக்கு நடு மரத்துல நிண்ணு அழுதான், நான் கீழ இருந்து எனக்க தோளக் கொடுத்து எறக்கினேன். அண்ணா அண்ணாண்ணு பொறத்தாலயே நடப்பான். ஒரு பனை வெளையில நாப்பது மரம் எனக்க பாட்டம், குத்தகை. அண்ணாச்சி மரம்ணுதான் ஊருல பேரு. அவன் எனக்க கூட ஏறுவான், அவ்வளவுதான். எனக்கு அதுல ஒரு கொறவும் தோணல்ல. அவனுக்குத் தோணியிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. மனசப் பொளந்தா பாக்க முடியும்?

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூத்தொம்பதுல வந்த வெள்ளம் உமக்கு நெனவு இருக்குமே. அது கழிஞ்சு மறுவருசம் எனக்கு நடந்தா கெண்டைக்காலு இறுக ஆரம்பிச்சுது. கொஞ்ச தூரம் நடப்பேன், நிப்பேன். நிண்ணா மாறும். நடந்தா திரும்ப வரும். மரத்துல பாதியில வந்துட்டா என்ன செய்ய? ஏறின கள்ளு எறங்கிருச்சுண்ணு சிரிச்சானுவ. நான் கள்ளு எறக்கினவன் இல்ல வேய், அக்கானி எறக்கிக் கருப்பட்டி காய்ச்சினவன். பொறவு வெரலு நீலிச்சுது. இஞ்ச கொண்டுவந்து சேத்தான் யோவான். கூட இருந்து பாத்ததும் அவன்தான். அத நான் மறைக்கல்ல. கழுவினான், தொடைச்சான், பீத்துணி மாத்தினான். வார்டுல எல்லாரும் சொன்னாவ, தம்பிண்ணா இவன்தான் தம்பிண்ணு. மிசியம்மா அவனுக்கு ஒரு வேதப் புஸ்தகம் கூடக் கொடுத்தாவ.

புண்ணு ஆறிட்டு வந்துது. வெரலுல செவப்பு கண்டுது. வீட்டுக்குப் போவலாம்ணு சொல்லியாச்சு. அப்பதான் ஆடி மழை புடிச்சுது. அண்ணைக்கு உச்சைக்கு கஞ்சி குடிச்சிட்டு நான் ஒறங்கிட்டேன். நல்ல ஒறக்கம். என்ன எழுப்பினது மணம். எறைச்சி வாட்டுத மணம். சமையல் சாய்ப்புல எவனோ கோழி வாட்டுதான்ணு கெடந்தேன். பாக்கேன், கம்பிளிக்குள்ள இருந்து பொகை மாதி ஆவி வருது. எனக்கு ஒரு நோவும் இல்ல. யோவான் ஓடி வந்தான். கம்பிளிக்குள்ள கைய விட்டு ஒரு மணல் கிழிய எடுத்தான். சட்டியில வறுத்த மணலு. எடுத்துட்டு எனக்க மொகத்தப் பாத்தான். ஒண்ணுமில்ல அண்ணா, குளுந்து கெடந்துது, ஒறங்கும்ணான். வெளிய போயி அந்த மணல மழையில கொட்டினான். நான் கண்ணால பாத்தேன்.

இல்ல, கெடுக்கணும்ணு வச்சதுண்ணு நான் சொல்லல்ல. உம்ம மாதித்தான். குளுந்து கெடந்துது, பாவம்ணு வச்சிருப்பான். அதுக்கு நான் அவன் மேல ஒரு சொல்லு சொன்னது இல்ல. கேட்டீரா, ஒரு சொல்லு சொன்னது இல்ல. குதியில இருந்து பாதி பாதம் கொப்பளம் கெளம்பிட்டுது. டாக்டரு வந்தாரு. ஆரு சூடு வச்சதுண்ணு கேட்டாரு. வார்டே கேட்டுட்டு நிக்குது. நான் வாயத் தொறக்கல்ல. அவனா சொல்லட்டும்ணு இருந்தேன். எனக்க தம்பிலா.

அவன் சொன்னான். அண்ணன்தான் ஐயா, நான் சந்தைக்குப் போயிருந்தேன், அண்ணனே எழும்பிப் போயி வறுத்துக் கொண்டுவந்து வச்சிருக்காருண்ணான்.

எழும்பி. கட்டிலுல இருந்து நான் கீழ கால் ஊணி அப்ப எத்தன நாளு ஆச்சுண்ணு அவனுக்குத் தெரியாதா? டாக்டரு என்னப் பாத்தாரு. நான் யோவானப் பாத்தேன். அவன் கட்டிலுக்குக் கீழ கெடந்த கஞ்சிச் சட்டியப் பாத்துட்டு நிண்ணான். நான் இல்ல ஐயாண்ணு சொன்னேன். சொன்னேன் வேய், சொல்லாம இருக்கல்ல. ஆனா ஆரு நம்புவா? பீத்துணி மாத்தின தம்பிய விட்டுட்டு, சுருட்டு கேட்டுச் சண்டை போடுத நோயாளிய ஆரு நம்புவா? மிசியம்மா தலைய ஆட்டிட்டுப் போனாவ. பொறவு காலு கறுத்துது. மயக்கம் கொடுத்தாவ. முழிச்சப்ப கம்பிளி அங்கன தட்டையாக் கெடந்துது.

பேடிச்சுச் சொல்லிட்டான், வெளிய வெரட்டிருவாவண்ணு பேடிச்சான்ணு நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். வீட்டுக்குப் போன பொறவு வந்து சொல்லுவான்ணு இருந்தேன். வரல்ல. பேடியில சொன்ன பொய்ய அவன் பொறவு நல்ல தைரியமாட்டே சொல்லிட்டு நடந்தான். மரத்துக்கு உடமைக்காரரு, வெளைக்காரரு கேட்டாரு, சொன்னான். டாக்டரு சொன்னத கேக்காதவனுக்கு மரம் கொடுக்க முடியாதுண்ணு அவரு அந்த நாப்பது மரத்தையும் யோவானுக்கு மாத்தினாரு. ஒத்தக் காலனுக்கு மரம் எதுக்குண்ணு கேக்கீரு. எனக்கு ஏற முடியாது. ஆளு வச்சு ஏத்தியிருப்பேன். எனக்க அப்பன் ஏறின மரம் வேய். இப்ப அதுக்குப் பேரு யோவான் மரம். நான் அதுக்க கீழ இருந்து கயிறு திரிக்கேன். அவன் மேல இருந்து பாளை சீவுத சத்தம் எனக்க தலையில விழும்.

உபதேசியாரு ஒரு ஞாயிறு பிரசங்கத்துல எடுத்தாரு. கீழ்ப்படியாமைக்கு ஒரு உதாரணம், நம்ம சபையிலயே ஒரு சகோதரன்ணு. பேரு சொல்லல்ல. சொல்லணுமா? சபையில ஒத்தக் காலன் ஆரு உண்டு? பிள்ளைங்க எல்லாம் திரும்பி எனக்க மடிச்ச வேட்டியப் பாத்துது. யோவான் எனக்கு முன்னால பாயிலதான் இருந்தான். அவனுக்கப் பெடரி எனக்குத் தெரிஞ்சுது. அசையல்ல.

ராப்போஜனத்துக்கு நான் அண்ணையில இருந்து போறது இல்ல. சகோதரன் மேல கசப்பு வச்சிட்டு அந்த அப்பத்தத் தொடப்படாது, அதுதான முறை. எனக்குக் கசப்பு உண்டு. உண்டுண்ணு நான் ஒத்துக்கிடுதேன், அதனால வெளிய நிக்கேன். அவன் போவான். முட்டுக்குத்தி வாங்குவான். ஊரு என்ன சொல்லுதுண்ணா, ராஜையனுக்கு காலு போயும் திமிரு போவல்லண்ணு.

அதெல்லாம் போட்டும். எனக்க பெஞ்சாதி செல்லத்தாயி, போன வருசத்துக்கு முந்தின வருசம் மரிச்சா. அம்பலத்துல எல்லாச் சாதிக்காரனும் ஏறலாம்ணு மகாராசாக்க வெளம்பரம் வந்து ஊரெல்லாம் கொட்டு அடிச்ச சமயம். வாயில தண்ணி எறங்கல்ல அவளுக்கு. எனக்க கையப் பிடிச்சிட்டு ஒண்ணு கேட்டா. இனி எனக்கிட்ட என்ன மறைக்க இருக்கு, நெசத்தச் சொல்லுங்க, நீங்கதான வச்சிய அந்தச் சூடு? இல்ல பிள்ளேண்ணேன். சிரிச்சா. செரி, கோவப்படாதிய, கேக்கல்லண்ணா. அதோட போனா. நான் கூடக் கெடந்தவன் வேய் அவளுக்கு, முப்பது வருசம். அவன் சொன்னதத்தான் கொண்டு போனா குழிக்கு.

என்ன? யோவான் இப்ப எங்கண்ணா கேக்கீரு?

எங்க. உள்ளதான். சன்னலுக்குப் பக்கத்துல சொவரப் பாத்துக் கெடக்கான்ணு சொன்னேன்லா. இவ்வளவு நேரமும் அவனுக்க காலத்தான் உமக்குச் சொல்லிட்டு இருக்கேன்.

அவனும் சுருட்டு குடிப்பான். நான் படிப்பிச்சது பனை மட்டுமா. மொவன் கொழும்புக்குப் போனவன், காயிதம் இல்ல. பெண்டாட்டி நேசம்மாளுக்குக் கண்ணு தெரியாது. தடவித் தடவி எனக்க முற்றத்துக்கு வந்து நிண்ணா. அத்தான், கூட இருக்க ஆளு இல்லேண்ணு ஆஸ்பத்திரியில சேக்க மாட்டேங்காவண்ணா. நான் கவட்டுக்கம்ப எடுத்தேன். என்னக் கண்ட உடனே அவன் சொவரப் பாத்துத் திரும்பினவன்தான்.

வேய், அந்தப் பேச்ச எடுக்காதேயும். பெரிய மனசுண்ணு உபதேசியாரும் சொல்லியாச்சு. வந்து ரெண்டு பேருக்கும் சேத்து செபம் பண்ணிட்டுப் போனாரு. மன்னிச்ச சகோதரன்ணு அடுத்த பிரசங்கத்துல வருவேன் போல. நான் மன்னிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எழுதி வச்சுக்கிடும்.

நேத்து குளிப்பாட்டும்போது அவனே வாயத் தொறந்தான். அண்ணா, காலு போட்டும், முறிக்கச் சொல்லுங்க, ஆண்டவரு நமக்குள்ள சமமாக்கிட்டாருண்ணு அழுதான். பாத்தீரா? முறிக்கட்டும்ணு சொல்ல நாக்கு பொரளுது. நான்தான் வச்சேன், அண்ணன் இல்லண்ணு சொல்லப் பொரளல்ல. காலக் கொடுத்துட்டு வாயக் காப்பாத்தப் பாக்கான். அந்தக் காலு போனா ஊருக்கு அதுதான் முடிவு. பாவம், ரெண்டு பேரும் ஒண்ணு போலண்ணு சொல்லி முடிச்சிருவாவ. நொண்டி வந்து சபையில நிண்ணு எது சொன்னாலும் ஊரு அழும், கேக்காது. எனக்கு அழுகை வேண்டாம்.

அவன் நடக்கணும். ரெண்டு காலுல நடந்து, முன் பாயிக்குப் போயி, திரும்பி நிண்ணு, எல்லாரும் கேக்கச் சொல்லணும். அதுக்கு அவனுக்கு ஒரு சாக்கும் இருக்கப்படாது. அதுக்குத்தான் வேய் நான் வெரலு வெரலா ஒத்தி எடுக்கேன்.

செரி, அந்தக் கல்லு ஆறியாச்சா? தொட்டுப் பாரும். முட்டங்கையால தொடும். ஆறிட்டுதுண்ணா இஞ்ச தாரும். அவனுக்க கட்டிலுத் தலைமாட்டுல ஒரு பக்கம் தாழ்ந்து கெடக்கு.